மன்னார்க் கரையிலே துவிச்சக்கர வண்டி

பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறங்களிலே அண்மைக் காலத்தில் ஒரு பழக்கம் பெரிதும் பரவியிருக்கிறது. நகரங்களில் வாழ்வோர் விடுமுறை கிடைத்ததும் அகன்ற ரயர் பூட்டிய துவிச்சக்கர வண்டிகளை எடுத்துக்கொண்டு, மோட்டார் வண்டிகள் செல்லாத கிரவல் வழிகளைத் தேடிப் புறப்படுகின்றனர். திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே செல்லும் வண்டிப் பாதை, கால்வாய்க் கரையிலே முன்னாளிற் படகிழுக்கும் குதிரைகள் நடந்த பாதை, தண்டவாளம் நீக்கப்பட்ட பழைய இருப்புப் பாதை ஆகிய இவையே அவர்கள் விரும்பும் வழிகள். இவற்றிற் செல்வதற்கென்றே தனி வண்டிகள் செய்து, நமது நாணயத்திற் பல இலட்சம் ரூபாய் விலைக்கு விற்கின்றனர். வாங்குவோரும் இருக்கின்றனர்.

கிரவல் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. வன்னியிலும் மன்னாரிலும் கிரவல் வீதி எது, காப்பற் வீதி எது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். பின் கரியரிலே மரப்பெட்டி கட்டி, பெட்டி நிறைய மீனும் மீனின் மேலே ஈரச் சாக்குமாக, விடியுமுன் கரையிலிருந்து ஊர்மனைகளை நோக்கி மிதித்துச் செல்லும் மன்னார் மீன் வியாபாரி, இந்தக் கலையைப் பாட்டன் காலத்திலிருந்தே பயின்று வருகிறார். அவர் வண்டிக்குப் பல இலட்சம் ரூபாய் விலையுமில்லை. அவர் செல்வதற்கு விளையாட்டு என்ற பெயருமில்லை.

இன்றைய பேச்சு மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் உள்ள இத்தகைய வழிகளைப் பற்றியது. அவை எங்கே உள்ளன, எவ்வாறு உண்டாயின, இனி எவ்வளவு காலம் இருக்கும் என்பவற்றைச் சிறிது நோக்குவோம்.

முதலில் ஒரு சரித்திரச் செய்தி. சைக்கிள் தார் வீதிக்கு மூத்தது. இன்று நாம் காண்பது போன்ற, இரண்டு சமமான சில்லுகளும் செயினும் உடைய வண்டியை இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவர் 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். காற்றடைத்த ரயரை டன்லப் என்பவர் 1888இல் ஆக்கினார். அக்காலத்து வீதிகள் கல்லும் மண்ணும் புழுதியுமாகவே இருந்தன. அந்தக் கரடுமுரடைப் பொறுக்கமாட்டாமலே காற்றடைத்த ரயர் பிறந்தது. 1903இலே தொடங்கிய பிரான்சுச் சுற்றோட்டப் பந்தயமும் முதலில் மண் வழிகளிலேயே நடந்தது. ஆதலின், கிரவலிற் சைக்கிள் ஓட்டுவது புதுமை என்போர் கதையின் நடுவிலிருந்து வாசிக்கின்றனர் என்றே கூறவேண்டும்.

பிரான்சிலே சென்ற் எத்தியென் என்ற நகரில் போல் டி விவி என்றொருவர் வாழ்ந்தார். 1853இற் பிறந்து 1930இல் மறைந்தவர். பந்தயத்துக்காக அன்றி, ஊர் பார்ப்பதற்காகவும் உடல் நலத்துக்காகவும் சைக்கிளிற் செல்லவேண்டும் என்று ஆயுள் முழுதும் எழுதியும் ஓட்டியும் வந்தார். 1887இல் அதற்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். மேட்டில் ஏறும்போது இலகுவாக மிதிக்க உதவும் பல்சக்கர மாற்றினை அவர் ஆதரித்தபோது, பந்தயக்காரர் அதனை ஆண்மைக்கு இழுக்கு என்றனர். மன்னாரில் மேடு என்பது இல்லை. ஆயினும் எதிர்காற்று உண்டு. அவர் சொன்னது இங்கும் பொருந்தும்.

அதே நாட்டிலே பேர்கண்டிப் பகுதியில், கிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே கைவிடப்பட்ட இருப்புப் பாதையை 1997ஆம் ஆண்டில் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய வழியாக மாற்றினர். பசுமை வழி என்று அதற்குப் பெயரிட்டனர். அதன் பின்னர் அத்தகைய வழிகள் தேசமெங்கும் பெருகின. 1681இல் திறக்கப்பட்ட தென்றிசைக் கால்வாயின் கரையும், லுவார் நதியின் கரையும் இன்று சைக்கிளோட்டிகள் செல்லும் நெடுவழிகளாக இருக்கின்றன. ஒரு தொழில் போனது. அதன் பாதை எஞ்சியது. அப்பாதை வேறொரு பயனைப் பெற்றது. இதுவே அங்கே நிகழ்ந்தது.

மன்னாரிலோ, பாதைகள் வெறிச்சோடியதற்குக் காரணம் வேறு. 1914ஆம் ஆண்டு முதல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே செல்வோர் தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னார் இறங்குதுறையிலே கால் வைத்து, அங்கிருந்து புகைவண்டியிற் கொழும்பு சென்றனர். 1964 மார்கழியில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னரும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் அதுவும் நின்றது. 1990இலே போர் காரணமாகப் புகைவண்டிப் பாதையும் தாம்போதிப் பாலமும் அழிந்தன. அவ்வாண்டு ஐப்பசியில், எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தனர். ஊர்கள் காலியாயின, வண்டிப் பாதைகள் பற்றை மூடின. 2009இற்குப் பின்னரே மீள்குடியேற்றம் வலுப்பெற்றது. புதிய தாம்போதியும் பாலமும் 2010இலே திறக்கப்பட்டன. புகைவண்டி 2015 பங்குனியில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. மதவாச்சியிலிருந்து வரும் பெருவீதியும், பூநகரியூடாக யாழ்ப்பாணம் செல்லும் வீதியும் காப்பற் இடப்பட்டு, கண்ணாடி போல் ஆயின.

காப்பற் வீதி வந்ததும் மோட்டார் வண்டிகள் யாவும் அதனையே நாடின. பழைய வழிகளான குளக்கட்டு, வாய்க்காற் கரை, கடலோர மணற்பாதை, ஊர்க்குள் நுழையும் கிரவல் ஒழுங்கை முதலியன ஆடு மாடுகளுக்கும் சைக்கிளுக்கும் விடப்பட்டன. இந்த அமைதி இலவசமாகக் கிடைத்ததன்று. அதற்கு இம்மக்கள் கொடுத்த விலையை நான் சொல்லாமலே நேயர்கள் அறிவர்.

சைக்கிளுக்கும் வடபகுதிக்கும் உள்ள உறவையும் இங்கே குறிப்பிடவேண்டும். தொண்ணூறுகளிலே எரிபொருட் தடை இருந்த காலத்தில், வடக்கிலே வைத்தியரும் ஆசிரியரும் மணமக்களும் சைக்கிளிலேயே சென்றனர். நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் அதன் மேலேயே ஏறின. மின்சாரமில்லாத இரவுகளிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டதை மறந்தவர் எவருமில்லை. ஒருவர் சுற்ற, ஒன்பது பேர் கேட்பர். சுற்றுபவர் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவர் குரலும் சோர்ந்துவிடும். 2022இல் நாடெங்கும் பெற்றோல் அற்றுப்போய், வரிசைகளிலே மக்கள் இரவு பகலாய்க் காத்துநின்றபோது, தென்னிலங்கை நண்பர்கள் சைக்கிளைப் புதிதாகக் கண்டுபிடித்தனர். வடக்கில் அது மூலையிலிருந்து எடுத்துத் துடைக்கப்பட்டது; அவ்வளவே.

இனி வழிகளைக் காண்போம். தாம்போதியிலிருந்து தொடங்குவது முறை. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளமான இந்தக் கடல்வழி, காலை ஆறு மணிக்கு முன்னர் அநேகமாக வெறுமையாக இருக்கும். இருபுறமும் முழங்காலளவு நீர். கார்த்திகை முதல் பங்குனி வரை அந்நீரிலே பூநாரைகள் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கோடு இழுத்தாற்போல் நிற்பதைக் காணலாம். ஊசிவால் வாத்துகளும், நாமத்தலை வாத்துகளும், கருவால் மூக்கன் பறவைகளும் வட ஆசியாவிலிருந்து வந்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. தாம்போதியின் பெருநிலக் கரையிலே உள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக ஈரநிலங்களுக்கான றம்சார் பட்டியலிற் சேர்ந்தது. அதன் பரப்பு 4,839 ஹெக்ரெயர். மோட்டார் வண்டியில் விரைபவர் இவற்றை வெள்ளைப் புள்ளிகளாகவே காண்பர். சைக்கிளிற் செல்பவர் இறங்காமலே நின்று, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பார்த்துக்கொண்டிருக்கலாம். சேற்று நிலத்துக்குள் வண்டியை இறக்குதல் மட்டும் ஆகாது. பறவை கலைந்து எழும்பினால், அது இரைதேடும் நேரத்தை நாம் திருடியவராவோம். சேறும் வண்டியை எளிதில் விட்டுக்கொடாது.

தீவின் நீளம் ஏறக்குறைய இருபத்தாறு கிலோமீற்றர். அகலம் மிகுந்த இடத்திலும் எட்டுக்கு மேற்படாது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் பெருவீதி தீவின் முதுகெலும்பு போல் அமைந்தது. அதனை விட்டு இருபுறமும் பிரிந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளே நமக்கு வேண்டியவை. பனையும் உடைமரமும் நிழல் தரும். உடைமரம் நிழலோடு முள்ளும் தரும். அதைப் பின்னர் கூறுவேன். பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தைக் காணாமற் செல்லக்கூடாது. ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தின் அடிச்சுற்று பத்தொன்பது மீற்றருக்கு மேல். உயரமோ ஏழு மீற்றர் சொச்சமே. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பது பரம்பரைச் செய்தி. ஒட்டகத்துக்கு உணவாகக் கொணர்ந்தனர் என்றும் சொல்வர். மன்னார்க் கழுதைகளும் அவ்வணிகரோடு வந்தவையே என்பர். எவ்வாறு வந்தாலும், இன்று அவை உரிமையாளரின்றித் தெருவெல்லாம் திரிகின்றன. இரவிலே சூடு தணியாத தார் வீதியிற் படுத்துறங்குதல் அவற்றின் வழக்கம். ஆதலின் இருட்டிய பின்னர் பெருவீதியிற் சைக்கிளோட்டுவோர் விளக்கின்றிச் செல்லலாகாது.

தீவின் தென்கரையிலே இப்போது முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. இலங்கை மின்சார சபையின் இந்நிலையம் 2020 மார்கழியிலே தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 100 மெகாவாற்றுக்குச் சற்று மேல். ஒவ்வொரு காற்றாலைக்கும் சென்று சேர்வதற்கெனக் கிரவல் கொட்டிப் பாதை அமைத்திருக்கின்றனர். ஒருபுறம் கடல், மறுபுறம் பனங்கூடல், தலைக்கு மேலே அந்தப் பெரிய இறக்கைகளின் சுவாசம் போன்ற ஒலி. சைக்கிளோட்டிக்கு இதனினும் இனிய வழி தீவில் இல்லை என்று ஒருவர் கூறினால் நான் மறுக்கமாட்டேன். ஆயினும், இந்த உயர்த்திய பாதைகள் மழை நீர் கடலுக்கு ஓடும் தாழ்வுகளை அடைத்துவிட்டன என்றும், மாரியில் ஊர்மனைகளில் வெள்ளம் தேங்குகின்றது என்றும் அங்குள்ள மக்கள் முறையிடுகின்றனர். தீவு தட்டையானது, நீருக்கு ஒரு முழம் உயரமும் மலைதான். 2025இலே மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும், கனிய மணல் அகழ்வதற்கும் எதிராக மன்னார் நகரிலே மக்கள் பல வாரங்கள் தொடர்ந்து நின்று போராடினர். நமக்கு இன்பமான பாதை ஒருவரின் முற்றத்து வெள்ளமாக இருக்கக்கூடும் என்பதை அறிந்தே அதிற் செல்லவேண்டும்.

பெருநிலத்திலே காட்சி மாறும். தீவின் வெண்மணல் போய், செந்நிறக் கிரவல் வரும். மாந்தைப் பழந்துறையும் பாலாவித் தீர்த்தக் கரையிலே திருக்கேதீச்சரமும் உள்ள பகுதியிலிருந்து உயிலங்குளம், அடம்பன், முருங்கன் ஆகிய திசைகளிலே வயல்கள் விரிந்து கிடக்கின்றன. இவ்வயல்களுக்கு உயிர் கட்டுக்கரைக் குளம். அதனை ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னனோடு தொடர்புபடுத்துவர். அருவி ஆற்றைத் தேக்கம் என்னுமிடத்திலே கல்லணையால் மறித்து, வாய்க்கால் வழியே நீரை இக்குளத்துக்குக் கொணர்ந்தனர் முன்னோர். குளத்திலிருந்து பிரியும் வாய்க்கால்களும் கிளை வாய்க்கால்களும் கண்ணுக்கெட்டாத தூரம் வரை செல்கின்றன. ஒவ்வொரு வாய்க்காலின் கரையும் ஒரு வழி. மேடு பள்ளமில்லை, ஏனெனில் நீர் ஒழுகும் சரிவே வழியின் சரிவும் ஆகும். பிரான்சியர் கால்வாய்க் கரையிலே காணும் இன்பத்தை நாம் குளக்கட்டிலும் வாய்க்காற் கரையிலும் காணலாம். நம்முடையது காலத்தாலும் முந்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. போர்க்காலத்தில் இப்பகுதிகளிற் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகளாக அவற்றை அகற்றி வந்துள்ளனர். இலங்கை 2017 மார்கழியிலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. எனினும், ஊரார் நாள்தோறும் செல்லும் தடத்தை விட்டுப் புதிய தடம் தேடிப் பற்றைக்குள் நுழைவது அறிவுடைமை அன்று. சிவப்புப் பலகை கண்ட இடத்திலே திரும்பிவிடவேண்டும். முருங்கனுக்குக் கிழக்கே மடுக்காட்டை அண்டிய பக்கங்களில் மாலையானதும் யானை நடமாட்டம் உண்டு. குளத்திலே முதலையும் உண்டு. குளிப்பதற்கு ஊரார் இறங்கும் துறையைக் கேட்டறிந்து இறங்குக.

தெற்கே நானாட்டானூடாக அருவி ஆற்றைக் கடந்து அரிப்புக்குச் செல்லும் வழியை நான் பெரிதும் விரும்புபவன். அதற்குச் சரித்திரமும் ஒரு காரணம். கண்டியரசன் நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன், 1679ஆம் ஆண்டில் ஒரு தோழனோடு தப்பி, இந்த ஆற்றோரமாகவே காட்டினூடு நடந்து, அரிப்பிலே இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். ஆற்றின் கரையே அவனுக்கு வழிகாட்டி. அரிப்புக் கடலோரத்திலே பாழடைந்து நிற்கும் மாளிகையை ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்பர். உண்மையில் அது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையிற் கட்டுவித்தது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வந்து தங்குவதற்கான மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்களோடு அமைந்த அதன் சுவர்களைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது. முத்துக்குளிப்புக் காலத்திலே இக்கரையில் ஓலைக் குடிசைகளாலான நகரம் ஒன்று சில வாரங்களுக்குள் எழும்பி, சிப்பி முடிந்ததும் மறைந்துவிடும். 1906இலே முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பனி சில ஆண்டுகளிலேயே நொடிந்தது. இன்று மணலிலே சைக்கிள் உருளும்போது ரயரின் கீழே நொறுங்கும் பழஞ்சிப்பியின் ஓசைதான் எஞ்சியது. அந்த ஓசையைக் கேட்கவேனும் அங்கே ஒருமுறை செல்லவேண்டும்.

காற்றைப் பற்றிக் கூறாமல் மன்னாரைப் பற்றிப் பேச இயலாது. காற்றாலை வைத்தவர்கள் வீணுக்கு இவ்விடத்தைத் தெரியவில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும். மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்பவரை அது இடப்பக்கத்திலே தாக்கும். திரும்பி வருபவரை வலப்பக்கத்திலே தாக்கும். போகும்போது எதிர்த்தால் வரும்போது உதவும் என்ற கணக்கு இத்தீவிலே செல்லாது. மணலையும் அது வாரி இறைக்கும். கண்ணாடி அணியாதவர் வருந்துவர். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர் மழையே பெறும் வரண்ட பகுதியாயினும், பெறும் மழையிற் பெரும்பங்கை இம்மாதங்களிலேயே பெறுகிறது. கிரவல் அப்போது களியாகிச் செயினையும் மட்காட்டையும் பற்றிக்கொள்ளும். ஆகவே தையும் மாசியுமே தக்க காலம். வாடை மென்மையாக வீசும், நிலம் இறுகியிருக்கும், பறவைகளும் இருக்கும்.

வண்டியைப் பற்றி இரண்டு சொல். விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டி வேண்டியதில்லை. நமது லுமாலா வண்டியே போதும். ரயர் அகலமாக இருப்பது நலம். தார் வீதிக்குரிய அளவு காற்றை ஏற்றிக்கொண்டு கிரவலில் இறங்கினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பிலே பேசும். காற்றைச் சிறிது குறைத்தால் ரயர் கல்லைத் தழுவிச் செல்லும், மணலிலும் புதையாது. அளவுக்கு மேற் குறைத்தாலோ, கல் மோதும்போது ரியூப் நசுங்கி இருபக்கமும் துளைபடும். பெருவிரலால் அழுத்தினால் சற்றே அமிழ வேண்டும் என்பது மீன் வியாபாரிகளின் அளவுகோல். முன்னே கூறிய உடைமுள்ளும், மணலிலே மறைந்து கிடக்கும் நெருஞ்சியும், எங்கும் பரவிவிட்ட சீமைக் கருவேல முள்ளும் துளையிடாத நாளில்லை. ஒட்டுத் துண்டும் பசையும் கைப்பம்பும் இன்றிப் புறப்படுதல் ஆகாது. முள்ளைப் பிடுங்காமல் ஒட்டுப் போட்டு, அதே இடத்தில் மீண்டும் துளைபடக் கண்டவர் பலர். ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்த பின்னரே ரியூபை வைத்தல் வேண்டும். உப்புக் காற்று செயினை ஒரே வாரத்திற் கறளாக்கும். வீடு திரும்பியதும் நன்னீராற் கழுவித் துடைத்து எண்ணெயிடுக. குடிநீர் எடுத்துச் செல்க. கரையோரக் கிணறுகளிற் பல உவர்நீரையே தரும்.

இனி, இவ்வழிகள் எவ்வளவு காலம் இருக்கும் என்ற வினாவுக்கு வருகிறேன். கிரவல் வீதியைக் காக்கவேண்டும் என்று பட்டினத்தார் ஒருவர் மேடையிற் சொன்னால், அவ்வீதியில் வாழும் தாய் சிரிப்பாள், அல்லது சினப்பாள். மாரியிலே பிள்ளையின் வெள்ளைச் சட்டை முதுகுவரை சேறாவதும், கோடையிலே சமைத்த சோற்றிற் புழுதி படிவதும், பிரசவ வேதனையிலே நோயாளர் காவு வண்டி குழிகளில் ஏறி இறங்குவதும் அவளுக்குத் தெரியும். கிரவல் தன் இயல்பாலேயே நிலையற்றது. கனமான ரிப்பர் வண்டிகள் விரைந்து ஓட ஓட, அதன் மேற்பரப்பு அலையலையாகத் தகரம் போல் மடியும். மடிந்த அலைமேல் அடுத்த வண்டி துள்ள, அலை மேலும் ஆழமாகும். உருளையிட்டுச் சமப்படுத்த ஆண்டுதோறும் பணம் வேண்டும். குடிமனைகளையும் பாடசாலையையும் வைத்தியசாலையையும் இணைக்கும் வீதிக்குத் தாரோ கொங்கிறீற்றோ இடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அழகைத் தேடி வருபவனின் இன்பத்துக்காக ஓர் ஊர் சேற்றில் உழல வேண்டியதில்லை.

ஆனால் எல்லா வழியும் ஊருக்குச் செல்லும் வழியன்று. குளக்கட்டையும் வாய்க்காற் கரையையும் யாரும் தாரிடச் சொல்லவில்லை. அவற்றுக்கு நேர்வது வேறு. மணலும் கிரவலும் ஏற்றும் ரிப்பர்கள் குறுக்கு வழியாக அவற்றைப் பயன்படுத்துகின்றன. ஒருமுறை கனவண்டி ஓடினால், மாட்டு வண்டிக்காகக் கட்டிய கரை இறங்கிவிடும்; கரை இறங்கினால் நீரும் போகும், வழியும் போகும். இங்கே கமக்காரனின் நலமும் சைக்கிளோட்டியின் நலமும் ஒன்றே. வாய்க்காற் கரையின் தலைப்பிலே இரண்டு கற்றூண்களை, சைக்கிளும் மாடும் புகவும் ரிப்பர் புகாமலும் இருக்கும் இடைவெளியில் நாட்டினாற் போதும். உழவு இயந்திரம் செல்லவேண்டிய இடத்திலே பூட்டிய படலை ஒன்றை வைத்து, திறப்பைக் கமக்காரர் அமைப்பிடம் கொடுக்கலாம். பிரான்சிலும் பசுமை வழிகளின் வாயிலிலே மோட்டார் வண்டியை மறிக்கும் தூண்களும் தடைகளும் இருக்கின்றன, செலவு சிறிது.

யாரிடம் கேட்பது என்பதிலேதான் பலர் தடுமாறுகின்றனர். ஏ, பீ தரத்துப் பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அதற்கடுத்த தரத்தவை மாகாணத்துக்குரியவை. ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைகளின் பொறுப்பு. மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு என நான்கு பிரதேச சபைகள் இம்மாவட்டத்தில் உள. குளக்கட்டும் பெருவாய்க்காற் கரையும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், சரணாலயத்து வழிகள் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் உரியன. வாய்க்காற் கரைத் தூணுக்காகப் பிரதேச சபைக்கு எழுதிய கடிதம் வேறு கந்தோருக்குப் போய்த் தூங்கும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் கலந்துகொள்ளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே, கமக்காரர் அமைப்பின் வாயிலாக, எந்த வாய்க்கால், எந்த இடம், எத்தனை தூண் என்று எழுதிக் கொடுப்பதே விரைவான வழி. காலபோகத்துக்கான கூட்டம் மாரிக்கு முன்னரே நடைபெறும்.

இவ்வழிகளைச் சென்று பார்க்க விரும்பும் நேயர்கள் தைப்பொங்கல் கழிந்ததும் புறப்படலாம். அனுராதபுரத்திலிருந்து மன்னார் வரும் புகைவண்டி மடு வீதி, முருங்கன் நிலையங்களிலே நிற்கும். முருங்கனில் இறங்கினால் கட்டுக்கரைக் குளம் அண்மையிலேயே உள்ளது. முதல் நாள் குளக்கட்டும் வாய்க்காற் கரைகளும், இரண்டாம் நாள் அரிப்பு, மூன்றாம் நாள் தாம்போதியும் தீவின் தென்கரையும் என்று வைத்துக்கொண்டால் உடல் வருந்தாது. தாம்போதியை மட்டும் விடியற் காலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி நடுப்பகுதிக்குப் பின்னர் கரையோரச் சேற்றுநீர் வற்றத் தொடங்கும். பறவைகளும் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடும்.